தாயில்லாக் குட்டிக்கு எந்தப் பால்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெல்லைப் பக்கம் ஆடு, மாடு, நாய் இல்லாத தெரு கிடையாது. தாய் செத்துப்போன குட்டி, தாய் ஒதுக்கிவிட்ட குட்டி, மூன்று போட்டதில் பால் எட்டாத கடைசிக் குட்டி, மரத்தடியில் கிடக்கும் அணில் பிள்ளை என்று ஏதாவது ஒன்று கைக்கு வந்து சேரும். அடுத்த நிமிடம் வீட்டில் இருக்கிற பாலைக் காய்ச்சி, தண்ணீர் விட்டு, வாயில் ஊற்றிவிடுவார்கள். அன்பால் செய்கிற காரியம்தான், ஆனால் நிறையக் குட்டிகள் போவது அதனாலேயே. திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

குட்டி போட்டதும் தாய் ஆடு செத்துவிட்டது. முதலில் எந்தப் பாலைக் கொடுக்க வேண்டும்?

சீம்பால், அதாவது குட்டி போட்டதும் மடியில் முதலில் சுரக்கும் கெட்டிப் பால். அதற்கு மாற்று எதுவும் இல்லை. ஆட்டுக்குட்டியும் கன்றுக்குட்டியும் நோயை எதிர்க்கும் சக்தி இல்லாமலேதான் பிறக்கின்றன. தாயின் வயிற்றில் இருக்கும்போது அந்தச் சக்தி குட்டிக்குப் போய்ச் சேர்வதில்லை. பிறந்த பிறகு சீம்பால் வழியாகத்தான் கிடைக்க வேண்டும். அதைக் குடல் உறிஞ்சிக்கொள்வதும் கொஞ்ச நேரத்துக்குத்தான். ஆறு மணி நேரத்திலேயே குறைய ஆரம்பித்து, ஒரு நாள் ஆகும்போது ஏறக்குறைய நின்றுவிடும். இரண்டாம் நாள் எவ்வளவு சீம்பால் கொடுத்தாலும் அது வெறும் உணவாகத்தான் போகும்.

அதனால் பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் முதல் வாய் உள்ளே போக வேண்டும். முதல் நாளில் மொத்தம் குட்டியின் எடையில் பத்தில் ஒரு பங்கு. கன்னி இன ஆட்டுக் குட்டி சுமார் இரண்டு கிலோ இருக்கும் என்று வைத்துக்கொண்டால் 200 மில்லி. அதை நான்கைந்து தடவையாகப் பிரித்துக் கொடுங்கள். தாய் செத்து அதிக நேரம் ஆகவில்லை என்றால், மடியில் இருக்கிற சீம்பாலைக் கறந்து உடனே கொடுத்துவிடலாம். நோயால் செத்திருந்தால் வேண்டாம்.

தாயிடம் இல்லை. சீம்பாலுக்கு எங்கே போவது?

ஊருக்குள் கேளுங்கள். அன்றோ முந்தின நாளோ குட்டி போட்ட வேறு ஆடு இருக்கலாம். ஆட்டுச் சீம்பால் கிடைக்காவிட்டால் கன்று போட்ட மாட்டின் சீம்பாலும் ஆட்டுக்குட்டிக்கு ஆகும். நம் வீடுகளில் சீம்பாலைக் கருப்பட்டி போட்டுக் கிண்டிச் சாப்பிடுகிறோம், அக்கம்பக்கத்துக்கும் கொடுத்து விடுகிறோம். அதில் இரண்டு டம்ளரை எடுத்துச் சின்னச் சின்ன டப்பாவில் ஊற்றி ஃபிரீசரில் வைத்துவிட்டால் ஆறு மாதம் வரை கெடாது. ஆடு வளர்க்கிற ஒவ்வொரு தெருவிலும் ஒரு வீட்டிலாவது இப்படி இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

உறைந்த சீம்பாலை அடுப்பில் வைக்காதீர்கள். கை பொறுக்கிற வெந்நீரில் டப்பாவை வைத்து இளக விடுங்கள். கொதிக்க வைத்தால் சீம்பால் திரிந்துவிடும், எதற்காகக் கொடுக்கிறோமோ அந்த எதிர்ப்புச் சக்தியும் அழிந்துவிடும்.

வேறொரு ஆட்டிடம் ஊட்ட விடலாமா?

முடிந்தால் அதுதான் ஆகச் சிறந்த வழி. குட்டியைப் பறிகொடுத்த ஆடு இருந்தால் அதன் செத்த குட்டியின் ஈரத்தையோ, அந்த ஆட்டின் பாலையோ இந்தக் குட்டியின் மேல் தடவி, ஆட்டைப் பிடித்துக்கொண்டு ஊட்ட விடுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் முட்டும், உதைக்கும். பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும். தன் பால் குட்டியின் உடம்பு வழியாகப் போய் வாலடியில் அந்த வாசனை வந்துவிட்டால் பல ஆடுகள் ஏற்றுக்கொள்ளும். தலை ஈத்து ஆடு, அதாவது முதல் தடவை குட்டி போட்ட ஆடு, தன் குட்டியையே ஒதுக்கும்போதும் இப்படித்தான் பிடித்து ஊட்டிப் பழக்குவது.

சீம்பால் முடிந்தபின் மாட்டுப் பால் கொடுக்கலாமா? தண்ணீர் கலக்க வேண்டுமா?

கொடுக்கலாம். தண்ணீர் கலக்கக் கூடாது.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் கைப்பால் குட்டிகள் தேறாமல் போவதற்கு இந்தத் தண்ணீர் ஒரு பெரிய காரணம். ‘மாட்டுப் பால் கெட்டி, சின்ன வயிறு தாங்காது, பாதிக்குப் பாதி தண்ணீர் விடு’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். கணக்கைப் பாருங்கள். மாட்டுப் பாலில் கொழுப்பு சுமார் 4 சதவீதம், புரதம் 3.3 சதவீதம். வெள்ளாட்டுப் பாலிலும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆக ஆட்டுக்குட்டிக்கு மாட்டுப் பால் கெட்டியே இல்லை. பாதிக்குப் பாதி கலக்கும்போது குட்டிக்குப் போகிற உணவும் பாதியாகிவிடுகிறது. வயிறு நிறைகிறது, உடம்புக்குச் சத்துப் போகவில்லை. குட்டி கத்திக்கொண்டே இருக்கும். பசி என்று நினைத்து இன்னும் ஊற்றுவோம். அளவு கூடிக் கழிச்சல் வரும். ‘பார்த்தீர்களா, பால் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று இன்னும் தண்ணீர் சேர்ப்போம். நான்காம் நாள் குட்டி எழுந்திருக்காது.

வயிறு தாங்காது என்ற பயத்துக்கு மருந்து, ஒரு வேளையின் அளவைக் குறைத்து வேளைகளைக் கூட்டுவதுதான். பால் முழுப் பாலாகவே இருக்கட்டும்.

பாலைக் காய்ச்சி, கைச்சூட்டைவிடச் சற்றுக் கூடுதல் சூட்டில் இருக்கும்படி ஆற வைத்துக் கொடுங்கள். 38 முதல் 40 டிகிரி சரியான சூடு. பச்சைப் பாலாக வேண்டாம். கருச்சிதைவு நோய், காசநோய்க் கிருமிகள் பச்சைப் பால் வழியாகப் போகும். மடிநோய்க்கு ஊசி போட்டிருக்கிற மாட்டின் பாலையும் குட்டிக்குக் கொடுக்காதீர்கள். வீட்டுக்கு ஆகாது என்று ஒதுக்கிய பால் குட்டிக்கு மட்டும் எப்படி ஆகும்?

வீட்டில் மாடு இல்லை. பாக்கெட் பால் பரவாயில்லையா?

பரவாயில்லை, ஆனால் எந்தப் பாக்கெட் என்று பார்த்து வாங்குங்கள். சமன்படுத்திய பாலில் கொழுப்பு 3 சதவீதம், நிலைப்படுத்திய பாலில் 4.5, நிறை கொழுப்புப் பாலில் 6. வெள்ளாட்டுக் குட்டிக்கு நிலைப்படுத்திய பால் பொருந்தும். டீக்கடையில் கொதித்துக்கொண்டிருக்கிற பாலை வாங்கிக் கொடுக்காதீர்கள். அதில் எவ்வளவு தண்ணீர், எவ்வளவு சீனி என்று யாருக்கும் தெரியாது.

செம்மறிக் குட்டிக்கும் அதே பால்தானா?

இல்லை. செம்மறிப் பால் கெட்டியானது. கொழுப்பு 7 சதவீதம் அளவுக்கும், புரதம் 5 சதவீதத்துக்கு மேலும் இருக்கும். அதற்குக் கிட்டத்தில் வருவது எருமைப் பால். எருமைப் பால் இல்லையென்றால் நிறை கொழுப்புப் பாக்கெட். வயலில் ஆட்டுக் கிடை போடுகிறவர்கள் குட்டிகளைக் குடாப்பில் (குட்டிகளை அடைத்துவைக்கும் கூடையில்) விட்டுவிட்டுப் பெரிய ஆடுகளை ஓட்டிக்கொண்டு போவார்கள். தாயில்லாக் குட்டிக்கு அந்த நேரத்தில் யார் பால் கொடுப்பது என்பதைக் காலையிலேயே முடிவு செய்துவிடுங்கள். சாயங்காலம் வரை பட்டினி கிடந்து, பிறகு ஒரே மூச்சில் வயிறு முட்டக் குடிக்கிற குட்டிக்குத்தான் வயிறு உப்பும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு? எத்தனை வேளை?

ஆட்டுக்குட்டிக்கு அதன் எடையில் 15 முதல் 20 சதவீதம் வரை ஒரு நாளைக்கு. இரண்டு கிலோ குட்டி என்றால் 300 முதல் 400 மில்லி. முதல் வாரம் ஐந்து வேளை, பிறகு நான்கு, மூன்றாவது வாரத்திலிருந்து மூன்று. எடை கூடக் கூட அளவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஒரு தராசு இருந்தால் நல்லது. குட்டி எடை ஏறுகிறதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

இரண்டாவது வாரத்திலிருந்து இளம் தழை கட்டித் தொங்கவிடுங்கள். அகத்தி, ஆல், வேலிமசால், எது கிடைக்கிறதோ அது. முதலில் கடித்து விளையாடும், அப்புறம் தின்னப் பழகும். இரண்டரை, மூன்று மாதத்தில் பாலை நிறுத்தலாம். மேலப்பாளையம் சந்தையிலிருந்து பால்குடி மறக்காத குட்டியை வாங்கிக்கொண்டு வந்து, தழையைப் போட்டால் போதும் என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அந்தக் குட்டிக்கு இன்னும் சில வாரம் பால் வேண்டும்.

குட்டி சோர்ந்து படுத்திருக்கிறது, உறிஞ்சவில்லை. வாயில் ஊற்றலாமா?

ஊற்றாதீர்கள். முதலில் விரலைக் குட்டியின் வாய்க்குள் விட்டுப் பாருங்கள். உள்ளே சில்லென்று இருந்தால் குட்டி குளிர்ந்துபோயிருக்கிறது. குளிர்ந்த உடம்பில் குடல் வேலை செய்யாது, பால் உள்ளே கிடந்து புளிக்கும். உறிஞ்சத் தெம்பில்லாத குட்டியின் வாயில் ஊற்றினால் பால் மூச்சுக்குழாய்க்குப் போய் நுரையீரலில் சளி கட்டிவிடும். ஐப்பசி மழையில் நனைந்த குட்டிகளுக்கு இது அடிக்கடி நடக்கிறது. துணியால் துடைத்துக் காய வையுங்கள், வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். வாய் சூடாகி, விரலைச் சப்ப ஆரம்பித்த பிறகுதான் பால். வெதுவெதுப்பு வந்தும் சப்பவில்லை என்றால் வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். குழாய் வழியாக நேரே வயிற்றுக்குப் பால் செலுத்துவதையும் குளுக்கோஸ் ஏற்றுவதையும் அவர்கள்தான் செய்ய வேண்டும்.

சங்கில் புகட்டலாமா, பாட்டில்தான் வேண்டுமா?

ஆட்டுக்கும் கன்றுக்கும் ரப்பர் காம்பு வைத்த பாட்டில்தான் வேண்டும். குட்டி தலையைச் சற்று நிமிர்த்தி உறிஞ்சும்போது உணவுக்குழாயின் கடைசியில் ஒரு மடிப்பு குழல்போல மூடிக்கொள்ளும். பால் முதல் மூன்று அறைகளையும் தாண்டி, நேராகச் செரிக்கும் நான்காவது இரைப்பைக்குப் போய்விடும். சங்கிலோ மூங்கில் குழாயிலோ மளமளவென்று ஊற்றினால் இந்த மடிப்பு சரியாக மூடாது. பால் முதல் இரைப்பையில் விழுந்து அழுகும். வயிறு உப்பலும் நாற்றக் கழிச்சலும் அங்கேதான் தொடங்குகின்றன. குட்டி நின்றபடியே குடிக்கட்டும். மனிதப் பிள்ளையைப்போல மடியில் மல்லாத்திப் போட்டு ஊட்டாதீர்கள். காம்பின் துளையும் சின்னதாக இருக்க வேண்டும். பாட்டிலைக் கவிழ்த்தால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும், ஒழுகக் கூடாது.

கன்றுக்கென்று விற்கும் பால் பவுடரை ஆட்டுக்குட்டிக்குக் கொடுக்கலாமா?

வெள்ளாட்டுக் குட்டிக்குக் கொடுக்கலாம். பையில் எழுதியிருப்பதைப் படியுங்கள். புரதம் 20 சதவீதத்துக்குக் குறையாமல், அதுவும் பாலிலிருந்து எடுத்த புரதமாக இருக்க வேண்டும். சோயாப் புரதம் அதிகம் சேர்த்தது முதல் மூன்று வாரக் குட்டிக்குச் செரிக்காது. செம்மறிக் குட்டிக்குக் கன்றுப் பவுடர் வேண்டாம். கன்றுக்காகச் சேர்த்திருக்கும் தாமிரம் செம்மறிக்கு நஞ்சாகச் சேரும். நாய்க்குட்டிக்கும் கொடுக்கக் கூடாது. சில பவுடர்களில் கன்றுக்காகக் கலக்கும் மருந்து நாய்க்கு ஆபத்து.

எந்தப் பவுடரானாலும் கொதித்து ஆறிய தண்ணீரில், பையில் சொன்ன அளவில் கரையுங்கள். ஒரு கரண்டி கூட்டினாலும் கழிச்சல், குறைத்தால் பட்டினி. ஒரு குட்டிக்குப் பாதி நாள் பாக்கெட் பால், பாதி நாள் பவுடர் என்று மாற்றி மாற்றிக் கொடுக்காதீர்கள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் நான்கு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள்.

நாய்க்குட்டிகளின் தாய் பைக்கில் அடிபட்டுச் செத்துவிட்டது. கண்கூடத் திறக்கவில்லை. மாட்டுப் பால் போதுமா?

போதாது. நாய்ப் பாலில் கொழுப்பு சுமார் 9 சதவீதம், புரதம் 7 முதல் 8 வரை. மாட்டுப் பாலைப்போல இரண்டு மடங்கு. ஆனால் பாலில் இருக்கிற சர்க்கரை நாய்ப் பாலில் குறைவு. மாட்டுப் பாலை மட்டும் கொடுத்தால் சத்துப் பாதியும் சர்க்கரை அதிகமுமாகப் போய்ச் சேரும். தண்ணீர் கலந்த மாட்டுப் பால் என்றால் கேட்கவே வேண்டாம். நாய்க்குட்டிக்கென்றே பால் பவுடர் விற்கிறது. பாளையங்கோட்டையிலும் வண்ணாரப்பேட்டையிலும் இருக்கிற செல்லப்பிராணிக் கடைகளில் கேளுங்கள், விலை கூடுதல்தான். ஐந்தாறு குட்டி இருந்தால் தெருவில் நாலு வீடு சேர்ந்து ஒரு டப்பா வாங்கலாம்.

டப்பா கைக்கு வரும் வரை ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் சமாளிக்க: காய்ச்சிய நிறை கொழுப்புப் பால் 250 மில்லி, இரண்டு முட்டையின் மஞ்சள் கரு, ஒரு டீஸ்பூன் சமையல் எண்ணெய். நன்றாக அடித்து வடிகட்டி, வெதுவெதுப்பாகக் கொடுங்கள். வெள்ளைக் கரு வேண்டாம். பச்சை வெள்ளைக் கரு உடம்பில் ஒரு வைட்டமினைக் கட்டிப்போட்டுவிடும். மிச்சத்தைக் குளிர்பெட்டியில் வையுங்கள், ஒரு நாளுக்கு மேல் வேண்டாம். நம்மூர் வெயிலில் வெளியே வைத்தால் ஒரு மணி நேரத்தில் எடுத்துக் கொட்டிவிடுங்கள்.

அளவு: 100 கிராம் எடைக்கு ஒரு நாளைக்கு 15 முதல் 20 மில்லி. 300 கிராம் குட்டிக்கு 45 முதல் 60 மில்லி. முதல் வாரம் மூன்று மணிக்கொரு தடவை, ராத்திரியிலும். ராத்திரி எழுந்திருக்க முடியாது என்றால் முன்கூட்டியே வேறு ஆளைப் பாருங்கள், அதில் தப்பே இல்லை. குட்டி குப்புறப் படுத்தபடி குடிக்க வேண்டும். மூக்கு வழியாகப் பால் வந்தால் உடனே நிறுத்தித் தலையைத் தாழ்த்துங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. மூன்று வாரம் வரை நாய்க்குட்டியும் பூனைக்குட்டியும் தானாக மூத்திரம் போகாது, தாய் நக்கிவிட்டால்தான் போகும். ஒவ்வொரு தடவை பால் கொடுத்ததும் வெந்நீரில் நனைத்த பஞ்சால் அடிப்பக்கத்தை மெதுவாகத் தடவிவிடுங்கள். நல்ல பால் கொடுத்தும் வயிறு வீங்கிக் கத்துகிற குட்டிகளில் பாதிக்கு இதுதான் குறை என்பேன்.

பூனைக்குட்டிக்கு?

பூனைக்குட்டிக்கென்று விற்கும் பவுடர். நாய்க்குட்டிப் பவுடர் இரண்டொரு நாள் அவசரத்துக்கு ஆகும், தொடர்ந்து வேண்டாம். பூனைக்குத் தேவையான சில சத்துகள் அதில் போதுமான அளவு இருக்காது.

வீட்டில் கைக்குழந்தையின் பால் பவுடர் இருக்கிறதே?

அது மனிதத் தாய்ப்பாலைப் பார்த்துச் செய்தது. மனிதப் பாலில் புரதம் ஒரு சதவீதம்தான், சர்க்கரை 7 சதவீதம். நாய்க்குட்டிக்கும் ஆட்டுக்குட்டிக்கும் அது மாட்டுப் பாலைவிடக் கீழே. அதேபோல டின்னில் வரும் இனிப்புக் கெட்டிப் பால், சத்துமாவுப் பானங்கள், தேங்காய்ப் பால், சோயாப் பால், சீனித் தண்ணீர், தேன், இவை எதுவும் குட்டிக்குப் பால் ஆகாது.

கழிச்சல் வந்துவிட்டது. பாலை நிறுத்த வேண்டுமா?

முழுக்க நிறுத்தினால் குட்டிக்குத் தெம்பு போய்விடும். பால் வேளைகளுக்கு இடையில் ஓ.ஆர்.எஸ். கரைசலைத் தனியாகக் கொடுங்கள். பாலோடு கலக்காதீர்கள், பால் வயிற்றில் உறையாமல் போய்விடும். ஒரு வேளைப் பால் அளவைக் குறையுங்கள், பாட்டிலையும் காம்பையும் கொதிநீரில் போட்டு எடுங்கள். கண் உள்ளே போய்விட்டால், ரத்தம் தெரிந்தால், குட்டி நிற்க முடியாமல் விழுந்தால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. நாய்க்குட்டியும் பூனைக்குட்டியும் இன்னும் சீக்கிரமாகச் சோர்ந்துவிடும், அன்றே காட்டுங்கள்.

காற்றில் அணில் பிள்ளை விழுந்துவிட்டது. என்ன பால்?

முதலில் பால் இல்லை, தாய். ஆடிக் காற்றிலும், தென்னையில் மட்டை கழிக்கும்போதும் கூடு விழும். பிள்ளைக்கு அடிபடவில்லை என்றால் வெதுவெதுப்பாக்கி, துணி போட்ட சின்னப் பெட்டியில் அதே மரத்தில் பூனைக்கு எட்டாமல் கட்டிவைத்துத் தள்ளி நில்லுங்கள். மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையல்ல. பொழுது சாயும் வரை தாய் வரவில்லை என்றால்தான் கைப்பால். அதுவும் நாய்க்குட்டிப் பவுடர் கரைத்து, ஊசி இல்லாத ஒரு மில்லி சிரிஞ்சில், சொட்டுச் சொட்டாக. 20 கிராம் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு ஒரு மில்லிக்கு மேல் வேண்டாம். மாட்டுப் பால் கொடுத்த அணில் பிள்ளைகள் பெரும்பாலும் பிழைப்பதில்லை. வனத்துறைக்கும் சொல்லிவிடுங்கள்.

பருத்திக் காட்டில் முசல் குட்டி கிடந்தது. தூக்கி வந்துவிட்டோம்.

தூக்கிய இடத்திலேயே கொண்டுபோய் விடுங்கள், இன்றைக்கே. முசல் குட்டியைத் தாய் தனியே விட்டுவிட்டுப் போவதுதான் அதன் வழக்கம். நாளைக்கு ஒன்றிரண்டு தடவைதான், பெரும்பாலும் இருட்டிய பிறகு வந்து ஊட்டிவிட்டுப் போகும். முயல் இனத்தின் பாலில் கொழுப்பு பத்து சதவீதத்துக்கும் மேல், சர்க்கரை மிகக் குறைவு. நம்மிடம் இருக்கிற எந்தப் பாலும் அதற்கு ஈடாகாது.

மான் குட்டியும் அப்படித்தான். கங்கைகொண்டானில் புள்ளிமான் சரணாலயம் இருப்பதால் அந்தச் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் குட்டி அசையாமல் படுத்திருப்பதைப் பார்க்க நேரலாம். தாய் மேயப் போயிருக்கும். நாய்கள் சுற்றி நின்றால் விரட்டிவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். காட்டு உயிர்களை வீட்டில் வைத்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், பால் கொடுத்துக் காப்பாற்றத்தான் வைத்திருந்தேன் என்றாலும்.

பறவைக் குஞ்சுக்குப் பால் சோறு?

வேண்டவே வேண்டாம். பறவைகளுக்குப் பால் செரிக்காது.

வளர்க்கிற குட்டியால் நமக்கு ஏதாவது வருமா?

தெரு நாய்க்குட்டி விஷயத்தில் வெறிநோயை மறக்காதீர்கள். சின்னக் குட்டிக்கும் அது வரலாம். தாய் எப்படிச் செத்தது என்று தெரியவில்லை என்றால் கூடுதல் கவனம் வேண்டும். பல் பட்டாலோ, கையில் புண் இருந்து எச்சில் பட்டாலோ, சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்கோ போங்கள். பால் கொடுக்கிற வேலையைச் சின்னப் பிள்ளைகளிடம் விடாதீர்கள்.

யாரிடம் கேட்பது?

பக்கத்து ஊர்க் கால்நடை மருந்தகத்தில் முதலில் கேளுங்கள். ராமையன்பட்டியில் இருக்கிற அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் கொண்டுபோகலாம். ஆடு மாடுகளுக்கு நடமாடும் ஊர்தியை அழைக்க 1962 என்ற எண். கூப்பிடும்போது குட்டிக்கு எத்தனை நாள், எடை எவ்வளவு, கடைசியாக எந்தப் பால் எத்தனை மில்லி குடித்தது, கழிச்சல் என்ன நிறம் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள்.